சொல்லி முடிக்கும்வரை

என் பெயரின் முதல் எழுத்து எனக்கு வாயில் வராது. வங்கியில், ரேஷன் கடையில், தேர்வு அறை வாசலில் "பேரு என்னம்மா?" என்று கேட்பார்கள். என் தாடை இறுகி நிற்பதைப் பார்த்ததும், "என்ன, பேரே மறந்து போச்சா?" என்பார்கள். அந்த வேடிக்கையை உலகத்திலேயே முதல்முதலாகத் தாம்தான் கண்டுபிடித்ததுபோல ஒவ்வொருவரும் சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவரும் சேர்ந்து சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன். அப்படிச் சிரித்துச் சிரித்தே முப்பது வயதைத் தாண்டிவிட்டேன்.

எனக்குத் திக்குவாய். அதை இங்கே எழுத்தில் நடித்துக் காட்டப் போவதில்லை. ஒரே எழுத்தை நாலைந்து தடவை போட்டு எழுதினால் படிப்பவர் உதட்டில் தானாக ஒரு சிரிப்பு வரும். சினிமா நம்மை அப்படிப் பழக்கிவைத்திருக்கிறது. அந்தச் சிரிப்புக்கு நான் தீனி போட மாட்டேன். நான் பேசியதாக இங்கே வருகிற ஒவ்வொரு வாக்கியமும், நீங்கள் அதைப் படிக்கிற நேரத்தைவிட வெகு நேரம் எடுத்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகிற ரோட்டில், இடையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். அப்பா கொஞ்சம் நிலத்தில் மல்லிகையும் செவ்வந்தியும் போட்டிருக்கிறார். நான் எம்.காம். முடித்துவிட்டு ஒரு நூல் மில் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். சேர்ந்த முதல் நாளே மேலாளர், "உன் வேலையில எனக்குச் சந்தேகமே இல்லம்மா. போனை மட்டும் எடுத்துராத" என்றார். அன்று அது எனக்குப் பெரிய கருணையாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் ஊர்ப் பெயரும் எனக்கு வராது. பெண்களுக்குப் பஸ்ஸில் டிக்கெட் இலவசம் என்றாலும் எங்கே இறங்குகிறோம் என்று கண்டக்டரிடம் சொல்லியாக வேண்டும். செம்பட்டி என்பது எனக்கு எளிதாக வந்துவிடும். அதனால் எப்போதும் செம்பட்டி என்று சொல்லிவிட்டு எங்கள் ஊரில் இறங்கிக்கொள்வேன். "செம்பட்டின்னு வாங்கிட்டு இங்க எதுக்கு எறங்குற?" என்று ஒருவர் ஒருமுறை கத்தினார். மொத்த பஸ்ஸும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பதில் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல ஆகும் நேரத்தை அந்த பஸ்ஸில் எவரும் எனக்குத் தரமாட்டார்கள் என்பதும் தெரியும். இறங்கி நடந்தேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டிய சில்லறைக் கஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா விழுந்த அன்று அந்த நினைப்பு போயிற்று.

காலையில் பூ எடுத்துக்கொண்டிருந்தோம். முதல் கூடையை எடுத்துக்கொண்டு அம்மா திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். அப்பாவும் நானும் மட்டும் தோட்டத்தில். அவர் எதையோ சொல்ல வந்து என் பக்கம் திரும்பினார். சொல் குழைந்து வந்தது. அடுத்த நொடி செவ்வந்திப் பாத்திக்குள் சரிந்து விழுந்தார். ஓடிப்போய்ப் பார்த்தபோது வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கையைத் தூக்கிவிட்டேன். அது அப்படியே விழுந்தது. பக்கவாதம் என்று புரிந்துவிட்டது.

108-இல் கேள்விமேல் கேள்வி கேட்பார்கள் என்று பயந்தேன். அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கப் போகிற தனியார் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் எண் என் போனில் இருந்தது. அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"ஹலோ, சொல்லுங்க. ஹலோ?"

'அப்பா விழுந்துட்டாங்க' என்பதுதான் நான் சொல்ல வேண்டியது. முதல் சொல்லே தொண்டையில் பூட்டிக்கொண்டது. மூச்சு மட்டும் போனது.

"ஹலோ? யாருங்க? வெளையாடுறீங்களா?"

வைத்துவிட்டாள். மறுபடி அழைத்தேன். இந்தத் தடவை 'அப்பா' வந்துவிட்டது. ஊர்ப் பெயர் வரவில்லை.

"எந்த ஊருங்க? ஹலோ? இது எமர்ஜென்சி நம்பர். சும்மா சும்மா போன் பண்ணாதீங்க."

மறுபடியும் வைத்துவிட்டாள். மூன்றாவது தடவை மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவே இல்லை.

போனைப் பாத்தியிலேயே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். தக்காளிப் பெட்டி ஏற்றிவந்த ஒரு மினி வேனுக்குக் குறுக்கே போய் நின்றேன். ஓட்டிவந்தவர் திட்ட வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் தோட்டத்தைக் கை காட்டினேன். வேறெதுவும் கேட்காமல் இறங்கி என்கூட ஓடி வந்தார். இரண்டு பேருமாக அப்பாவைத் தூக்கிப் பெட்டிகளுக்கு நடுவே கிடத்தினோம். கிளம்பும்போது பாத்தியில் கிடந்த என் போனை எடுத்து அவர்தான் கையில் கொடுத்தார்.

அதே தனியார் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கையும் பேச்சும் இவ்வளவு பாதித்திருக்காது என்று டாக்டர் சொன்னார். ஒரு நர்ஸ் என்னிடம், "நம்ம ஆம்புலன்ஸுக்கே ஒரு போன் அடிச்சிருக்கலாம்லம்மா?" என்று கேட்டார். அதற்குள் சித்தப்பா வந்து சேர்ந்திருந்தார். வராந்தாவில் என் காதுபடவே அம்மாவிடம், "பேசத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுல இருந்திருந்தா இந்நேரம் அண்ணன் எந்திரிச்சு உக்காந்திருப்பாரு மதினி" என்றார்.

சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. பேசியது நான். கேட்காமல் வைத்தது அவர்கள். ஆனால் குற்றவாளி நான்.

அந்த வராந்தா நாற்காலியில் உட்கார்ந்துதான் போனில், 'திக்குவாய் இருப்பவர் ஆம்புலன்ஸ் அழைப்பது எப்படி' என்று தமிழில் தட்டினேன். வேறு யாரிடம் கேட்பது? முதலில் வந்ததெல்லாம் குப்பை. இத்தனை நாளில் திக்குவாய் குணமாகும் என்று ஒருவர், மூலிகைத் தைலம் என்று ஒருவர். சின்ன வயதில் நாக்கில் வசம்பு தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கியது ஞாபகம் வந்தது. கீழே தள்ளிக்கொண்டே போனபோது ஒரு பெண் எழுதியது கண்ணில் பட்டது. கேஸ் சிலிண்டர் கசிந்தபோது போனில் முகவரி சொல்ல முடியாமல் தெருவுக்கு ஓடியதை எழுதியிருந்தாள். அதன் கீழே எத்தனையோ பேர், 'எனக்கும்', 'எனக்கும்' என்று எழுதியிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில், பள்ளியில், கல்லூரியில், மில்லில் திக்குவாய் உள்ளவள் நான் ஒருத்திதான். நான் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். அந்த 'எனக்கும்' என்ற சொல்லைப் படித்தபோதுதான் அழுகை வந்தது. அப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து சித்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தப் பெண் எழுதிய இடம், திக்குவாய் உள்ளவர்கள் தமிழில் நடத்துகிற குழு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போனில் கூடிப் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் வார்த்தையை எடுத்துக் கொடுக்கக் கூடாது, 'மெதுவா, பதட்டப்படாம பேசுங்க' என்றும் சொல்லக் கூடாது என்பதுதான் அங்கே விதி. திருத்துவது கிடையாது, குணப்படுத்துவது கிடையாது.

நானும் சேர்ந்துகொண்டேன். முதல் சில வாரங்கள் மைக்கை அணைத்துவைத்துக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். மற்றவர்கள் என்னைப் போலவே மாட்டிக்கொண்டு, மீண்டு, பேசிப் போவதைக் கேட்க விசித்திரமாக இருந்தது. பிறகு ஒரு ஞாயிறு மைக்கைத் திறந்தேன். பெயர் சொல்ல வேண்டும். வழக்கம்போலப் பூட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நேரம் போனது. என்னை விட்டுவிட்டு எல்லோரும் போய்விட்டார்களோ, நெட் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். குழுவை நடத்துகிறவர் கோயம்புத்தூரில் பைக் மெக்கானிக். அவர் குரல் மட்டும் வந்தது.

"இருக்கோமுங்க. நீங்க சொல்லுங்க."

சொன்னேன். என் பெயரை முழுசாக, நானே சொன்னேன். அவர்கள் கைதட்டவில்லை. பாராட்டவுமில்லை. "சரிங்க, எந்த ஊருங்க?" என்று அடுத்த கேள்விக்குப் போனார். எல்லோரிடமும் பேசுவதுபோல என்னிடமும் பேசினார்.

அன்று எனக்கு வந்தது சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அதன் அடியிலேயே கோபம் கொதித்தது. செத்த நேரம் காத்திருப்பது. இவ்வளவுதானே வேண்டியிருந்தது? இதற்கு என்ன செலவு? பாடம் ஒப்பிக்க முடியாமல் நின்றபோது வெளியே முட்டி போடவைத்த டீச்சருக்கு இது ஏன் தெரியவில்லை? முகம் தெரியாத ஒரு மெக்கானிக் கொடுத்ததை, என்னைத் தூக்கி வளர்த்தவர்கள் ஏன் கொடுக்கவில்லை?

அந்தக் குழுவில்தான் குஜிலியம்பாறை அக்காவைத் தெரிந்துகொண்டேன். அங்கே சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறார். என்னைவிடச் சில வயது மூத்தவர். லைனிங் துணி வாங்க அடிக்கடி திண்டுக்கல் வருவாராம். "அப்பப் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர ஒருத்தர் இடிச்சுக்கிட்டுக்கூடப் போயிருப்போம்" என்றார். ஒரு சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம்.

டீக்கடையில் அக்கா சொல்ல ஆரம்பித்ததும் 'டீ'யில் மாட்டிக்கொண்டார். கடைக்காரர், "காப்பியா? பாலா? பூஸ்டா?" என்று அடுக்கினார். நானாக இருந்தால் காப்பிக்குத் தலையாட்டியிருப்பேன். காப்பி பிடிக்காமல் எத்தனை காப்பி குடித்திருக்கிறேன்! அக்கா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"செத்த பொறுங்கண்ணே. நானே சொல்லுறேன்."

பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "ரெண்டு டீ. ஒண்ணுல சீனி கம்மி" என்று முழுசாகச் சொல்லி முடித்தார். ஒரு பெண் இப்படி நின்று பேசி நான் பார்த்ததே இல்லை.

அப்பா விழுந்த கதையை அவரிடம் முழுக்கச் சொன்னேன். 'ஐயோ பாவம்' என்று அவர் சொல்லவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ஆஸ்பத்திரி எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் இருவரும் போனோம். நிர்வாக மேலாளரைப் பார்க்க வெகு நேரம் உட்காரவைத்தார்கள். உள்ளே போனதும் நான் ஆரம்பித்தேன். அன்று நடந்ததைச் சொல்லி, வாயால் சொல்ல முடியாதவர்கள் மெசேஜும் இருக்கும் இடமும் அனுப்ப ஒரு எண் வேண்டும், போன் எடுப்பவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்று கேட்பதுதான் திட்டம். இரண்டாவது வாக்கியத்திலேயே மேலாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பில்லு கொறைக்கணுமா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

"டாக்டர் மேல கம்ப்ளைன்ட்டா?"

"அவங்க இன்னும் முடிக்கல சார்" என்றார் அக்கா.

மேலாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, கூடப் பேசத் தெரிஞ்ச ஆம்பள யாரையாச்சும் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

அந்தக் கேள்விக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் எனக்குச் சுத்தமாகப் பேச்சு நின்றுவிடும். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"பேசத் தெரிஞ்சவதான் சார் வந்திருக்கேன். கேக்கத் தெரிஞ்ச ஆளு இருந்தா வரச் சொல்லுங்க."

அவர் முகம் சிவந்தது. பார்க்கலாம், மேலே பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார். பார்க்க மாட்டார் என்பது வெளியே வரும்போதே தெரிந்தது.

அந்த ஞாயிறு குழுவில் இதைச் சொன்னேன். மெக்கானிக் அண்ணன்தான் அந்த யோசனையைச் சொன்னார். ஆம்புலன்ஸ் எண்ணை மட்டும் தவறியும் தொடக் கூடாது, அங்கே உயிருக்குப் போராடுகிறவர்கள் அழைப்பார்கள். அலுவலக எண்ணுக்கு ஒவ்வொருவரும் அழைத்து நம் கோரிக்கையை நம் வாயாலேயே சொல்வோம். வைத்தால் மறுபடி அழைப்போம்.

போன் என்றாலே வியர்க்கிறவர்கள் நாங்கள். ஆனாலும் அழைத்தார்கள். தூத்துக்குடியிலிருந்து, வேலூரிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து. என் அப்பாவை ஒருநாளும் பார்த்திராதவர்கள், மாட்டிக்கொண்டும் மூச்சு வாங்கியும், "திண்டுக்கல் பக்கத்துல ஒருத்தர் விழுந்துட்டாரு, அவர் மக போன் பண்ணா, நீங்க வச்சுட்டீங்க" என்று சொன்னார்கள். ஒருவர் முதல் அழைப்பில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார்கள். அவர் அன்று முழுக்க விடாமல் அழைத்துச் சாயங்காலம் சொல்லி முடித்தாராம்.

சில வாரம் கழித்து ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பலகை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனோம். மெசேஜ் அனுப்ப எண் இருந்தது. அதன் மேலே பெரிய எழுத்தில், 'வாய் பேச முடியாதவர்களுக்கு' என்று இருந்தது.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நம்மகிட்ட அம்புட்டுப் பேச்சு கேட்டும் இதையா எழுதிவச்சானுக?" என்றார்.

மறுபடி உள்ளே போனோம். மறுபடி உட்கார்ந்தோம். மேலாளர் எங்களைக் கண்டதும் பெருமூச்சு விட்டார். ஆனால் இந்தத் தடவை நான் முடிக்கும்வரை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இரண்டு நாளில், 'போனில் பேசச் சிரமப்படுபவர்களுக்கு' என்று ஒரு ஸ்டிக்கரைப் பழைய எழுத்தின் மேல் ஒட்டினார்கள். கோணலாக ஒட்டியிருந்தார்கள். போகட்டும் என்று விட்டோம்.

மேலாளரை இரண்டாவது தடவை பார்த்துவிட்டு வெளியே வரும்போது வரவேற்பு மேஜையிலிருந்த பெண் எழுந்து வந்தாள். இருபது வயதுதான் இருக்கும். குரலைக் கேட்டதும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"அக்கா, அன்னைக்கிப் போன் எடுத்தது நான்தான். சத்தம் வரலைன்னா வச்சுரணும்னுதான் எனக்குச் சொல்லியிருந்தாங்க. நெறய பேரு வெளையாட்டுக்குப் பண்ணுவாங்கக்கா. மன்னிச்சிருங்க."

பரவாயில்லை என்று சொல்வது எனக்கு வழக்கம். என்னைக் கேலி செய்தவர்கள் எத்தனையோ பேருக்குப் பரவாயில்லை சொல்லியிருக்கிறேன். அன்று சொல்லவில்லை. "இனிமே மூச்சுச் சத்தம் கேட்டா வைக்காத" என்றேன். "வைக்க மாட்டேன்க்கா" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் முழுசாகத் தீரவில்லை. ஆனால் அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்தான் இப்போது அதிகம்.

வீட்டில் அப்பாவுக்குப் பேச்சு மெல்லத் திரும்பியது. ஒரு வாக்கியத்துக்குள் மூன்று இடத்தில் நின்று சொல்லைத் தேடுவார். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள், "தண்ணியா? பாத்ரூமா? படுக்கணுமா?" என்று அடுக்குவார்கள். அவர் முகம் சுண்டிப்போகும். ஒருநாள் சித்தப்பா அப்படி அடுக்கிக்கொண்டிருந்தபோது, "செத்த நேரம் சும்மா இருங்க சித்தப்பா. அவரே சொல்லுவாரு" என்றேன். அவர் அதிர்ந்துபோய் வாயை மூடிக்கொண்டார். எல்லோரும் காத்திருந்தோம். அப்பா சொல்ல நினைத்தது தண்ணீரைப் பற்றியே இல்லை. மல்லிகைச் செடியில் பழைய கிளைகளைக் கவாத்து வெட்டியாச்சா என்று கேட்கத்தான் அத்தனை பாடுபட்டிருக்கிறார்.

போன மாதம் எனக்கு ஒரு வரன் வந்தது. இதற்கு முன்னால் வந்த ஒவ்வொரு வரனுக்கும் வீட்டில் என்னை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் உட்காரவைப்பார்கள். தரகர், "ரொம்ப அமைதியான பொண்ணுங்க" என்பார். அந்த அமைதிக்காக என்னைப் பிடித்துப்போனவர்கள் உண்டு. பிறகு யார் மூலமாவது விஷயம் தெரிந்து, "ஏமாத்தப் பாத்தீங்களே" என்று திட்டிவிட்டுப் போனவர்களும் அவர்கள்தான்.

இந்தத் தடவையும் அம்மா சமையலறையில் என் கையைப் பிடித்து, "ஒத்தச் சொல்லு பேசிறாதத்தா" என்றார். நான் கேசரித் தட்டை வைத்தேன். தரகர் ஆரம்பித்தார்.

"பொண்ணு ரொம்ப அமைதிங்க. அதிர்ந்து பேசாது."

"நான் அமைதி இல்லைங்க" என்றேன். மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்தார். "எனக்குத் திக்கும். நெறயப் பேசுவேன். பேசி முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கிற வீடுன்னா மேற்கொண்டு பேசுவோம்."

சொல்லி முடிப்பதற்குள் தரகர் இரண்டு தடவை குறுக்கே வந்தார். இரண்டு தடவையும் அப்பா நல்ல கையைத் தூக்கி அவரை அடக்கினார். மாப்பிள்ளை தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மா, வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிச் சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்தார். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அவர்கள் போனதும் அம்மா கோபமும் அழுகையுமாகப் பாத்திரங்களை உருட்டினார். நான் தோட்டத்துப் பக்கம் வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். நானாகவே போன் போட்டுப் பேசுவது இப்போதெல்லாம் எனக்கு நடக்கிற காரியம். நடந்ததை ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். அக்கா ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு, "அந்தப் பய கடைசி வரைக்கும் நிமிந்தே பாக்கலையா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"வெளங்கிரும். கேசரி மிச்சம் இருக்கா?"

"நெறய இருக்கு. யாருமே தொடல."

"நாளைக்கு லைனிங் வாங்கத் திண்டுக்கல் வாரேன். டப்பால போட்டு எடுத்துட்டு வா."

மறுநாள் எடுத்துக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் தின்றோம். தின்றுகொண்டே மாப்பிள்ளை வீட்டாரையும் தரகரையும் வாய் வலிக்கத் திட்டினோம். அதற்கு வெகு நேரம் பிடித்தது. அக்கா குஜிலியம்பாறை பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனார்.